நெடுஞ்சொல்லை அசை பிரித்த வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்கடுத்த நூற்றாண்டின் முற்பகுதியிலும் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பிரதேசத்தில், ஒரே அறையும் ஒரே ஆசிரியருமாக நடந்துவந்த கிராமப் பள்ளிகளில், சிறுவர் சிறுமியர் ஆங்கிலத்தின் நெடுஞ்சொற்களை எழுத்துக்கூட்டிய முறை இன்றைய முறையினின்றும் பெரிதும் வேறுபட்டது. ஒரு சொல்லின் எழுத்துக்களை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் அடுக்கிவிட்டால் ஆசிரியர் அதை ஏற்றுக்கொள்ளமாட்டார். முதல் அசைக்குரிய எழுத்துக்களின் பெயர்களைச் சொல்லி, அந்த அசையை வாய்விட்டு ஒலித்து, அடுத்த அசைக்குரிய எழுத்துக்களைச் சொல்லி, அதையும் ஒலித்து, உடனே இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் மூன்றாவது அசைக்குச் செல்லவேண்டும். 'இன்காம்ப்ரிஹென்ஸிபிலிட்டி' என்ற எட்டசைச் சொல் ஒரு மாணவனுக்கு வாய்த்துவிட்டால், "ஐ என் இன், ஸி ஓ எம் காம், இன்காம், பி ஆர் ஈ ப்ரி, இன்காம்ப்ரி" என்று தொடங்கி, அசைக்கு அசை வளர்ந்துகொண்டே சென்று, எட்டாம் படியில் முழுச் சொல்லும் வெளிப்படும்வரை வகுப்பு முழுவதும் காத்திருக்கும்.

இதனை வெறும் மனப்பாடம் என்று இகழ்ந்துவிடுதல் நியாயமன்று. ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, அதன் ஒலி வேறு. அந்த ஒலியும் இடத்துக்கு இடம் மாறுவது. எழுத்தும் ஒலியும் ஓரளவேனும் உடன்பட்டு நிற்கும் மிகச் சிறிய இடம் அசையே என்பதைப் பழைய ஆசிரியர்கள் அனுபவத்தால் உணர்ந்திருந்தார்கள். ஓர் உயிரெழுத்து தனித்து நின்று அசையாகுமிடத்தில், அது தன்னளவிலேயே அசையாகிறது என்பதைக் குறிக்க 'பெர் ஸே' என்னும் இலத்தீன் தொடரைச் சேர்த்து, "ஏ பெர் ஸே ஏ" என்று சொல்லும் சம்பிரதாயமும் இருந்தது. நெடுங்கணக்கின் முடிவில் வைத்துப் போதிக்கப்பட்ட 'அண்ட்' என்னும் குறியையும் அவ்வாறே "அண்ட் பெர் ஸே அண்ட்" என்று பிள்ளைகள் பாடிப் பாடி, நாளடைவில் அது திரிந்து 'ஆம்பர்ஸண்ட்' என்று அந்தக் குறிக்கே பெயராகிவிட்டது. இரவு வேளைகளில் ஊரார் யாவரும் பள்ளிக்கூடத்தில் கூடி, இரு கட்சிகளாகப் பிரிந்து நின்று, சொல் தவறியவரை உட்காரவைத்துக்கொண்டே போகும் போட்டிகளும் நடந்தன. எட்வர்ட் எகிள்ஸ்டன் 1871இல் எழுதிய நாவலொன்று இண்டியானா மாகாணத்து அத்தகைய போட்டி ஒன்றைச் சித்திரித்துப் புகழ்பெற்றதும், 1875இல் அந்த வழக்கம் நாடு முழுவதும் ஒரு வேகத்தோடு பரவியதும் இலக்கிய சரித்திரம் அறிந்தவர்க்குத் தெரிந்தவையே.

ஆனால் அசையை எங்கே வெட்டுவது என்ற கேள்விக்கு இயற்கை எந்த விடையையும் எழுதிவைத்திருக்கவில்லை. சொல்லைக் கேட்கிற காது எத்தனை அசை என்பதைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். ஓர் அசை முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லை எது என்று கேட்டால்தான் கலகம் பிறக்கிறது. இங்கிலாந்தில் எட்மண்ட் கூட் என்னும் பள்ளித் தலைவர் 1596இல் வெளியிட்ட 'ஆங்கிலப் பள்ளியாசிரியர்' என்ற நூலிலிருந்து, தாமஸ் டில்வொர்த் என்பவர் 1740இல் வெளியிட்டு அட்லாண்டிக்கின் இருகரைகளிலும் பெருவழக்காயிருந்த அரிச்சுவடிவரை, பாடநூலாசிரியர்கள் அசை பிரிப்பதற்குப் பெரும்பாலும் இலத்தீன் இலக்கணத்தையே நாடினார்கள். இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் நின்றால் அது பின்னுள்ள உயிரையே சாரும் என்பதும், ஒரு சொல்லுக்கு முதலாக வரத்தக்க மெய்க்கூட்டம் சொல்லின் நடுவில் வரினும் பின் அசைக்கே முதலாகும் என்பதும் அந்த இலக்கணத்தின் விதிகள். இவற்றின்படி வழக்கம் என்னும் பொருளுடைய 'ஹேபிட்' என்னும் சொல் 'ஹே-பிட்' என்றும், கொத்து என்னும் பொருளுடைய 'க்ளஸ்டர்' என்னும் சொல் 'க்ளூ-ஸ்டர்' என்று படிக்கத் தூண்டும் விதத்திலும் பிளக்கப்பட்டன. அசை உயிரில் முடிந்தால் அந்த உயிரை நீட்டிப் படிப்பது ஆங்கிலப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்ட பழக்கமாதலால், இலத்தீனுக்குப் பொருந்திய விதி ஆங்கிலச் சிறுவனின் நாவைத் தவறான வழியில் இழுத்துச் சென்றது.

இதனைத் தீர்க்கமாக எதிர்த்தவர் நோவா வெப்ஸ்டர். 1758இல் கனெக்டிகட் நாட்டில் பிறந்து, யேல் கல்லூரியில் பயின்று, நியூயார்க் மாகாணத்துக் கோஷென் என்னும் சிற்றூரில் பள்ளி நடத்திக்கொண்டிருந்த அந்த இளைஞர், டில்வொர்த்தின் நூலைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் கற்பிக்கையில் அதன் குறைகளை நேரில் கண்டார். 1783இல் ஹார்ட்ஃபோர்டில் அவர் அச்சிட்ட அரிச்சுவடியின் முன்னுரை, இருபத்தைந்து வயதே ஆனவர் ஒருவர் எழுதியது என்று நம்புவதற்கு அரிதான துணிவு கொண்டது. ராபர்ட் லௌத் என்னும் ஆங்கில இலக்கண ஆசிரியர் 1762இலேயே, சொல் பிறந்த வரலாற்றைக் கருதாமல், செம்மையான உச்சரிப்பில் அது எங்கே பிரிகிறதோ அங்கேயே அசையைப் பிரிப்பதுதான் உத்தமமானதும் எளிதானதும் என்று ஓரிடத்தில் சொல்லிச் சென்றிருந்தார். அந்தக் கருத்தைத் தமக்கு ஆதாரமாகப் பிடித்துக்கொண்டு வெப்ஸ்டர் நூல் முழுவதையும் அமைத்தார். 'ஹேப்-இட்', 'க்ளஸ்-டர்' என்று மெய்யை முன் அசையோடு சேர்த்துக் குற்றுயிரை மூடினார். சொற்களின் இறுதியில் வரும் 'ஷன்' என்னும் ஒலியை, எழுத்தை மட்டும் நோக்கிப் பழைய நூல்கள் இரண்டு அசைகளாக எண்ணிவந்தன. வாயில் அது ஒன்றாகவே ஒலிப்பதால் ஒன்று என்றே கொள்ளவேண்டும் என்றார். நீல அட்டையிட்டு வந்தமையால் நீலமுதுகுப் புத்தகம் என்று பேர்பெற்ற அந்த நூல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று. அமெரிக்கர் தங்கள் பாஷையின் சொற்களை எங்கே வெட்டுவார்கள் என்பதும் அதனோடு ஏறக்குறைய தீர்மானமாயிற்று. என் மனம் இந்த விஷயத்தில் வெப்ஸ்டரின் பக்கமே சாய்கிறது. படிக்கத் தொடங்கும் குழந்தையின் நாவுக்கு உதவாத இலக்கணம், பண்டிதருக்கு எவ்வளவு அழகாயிருப்பினும், அரிச்சுவடியில் இடம்பெறத் தகாதது.

அகராதிக்காரர்கள் இதே காலத்தில் வேறொரு வழியில் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். டாக்டர் ஜான்சன் 1755இல் வெளியிட்ட பேரகராதி அழுத்தம் விழும் இடத்தை மட்டும் குறித்தது, அசைகளைப் பிரித்துக்காட்டவில்லை. 1773இல் வில்லியம் கென்ரிக் அசைகளைப் பிரித்து, உயிர்களின் ஒலியை எண்களால் சுட்டினார். 1780இல் நாடக நடிகரும் பேச்சுக்கலை ஆசிரியருமான தாமஸ் ஷெரிடனும், 1791இல் அவரைப் போலவே நடிகராயிருந்து ஆசிரியரான ஜான் வாக்கரும் தந்த உச்சரிப்பு அகராதிகள் ஒவ்வொரு சொல்லையும் அசையசையாக மறுபடி எழுதிக்காட்டின. சொல்லின் ஒலியை அரங்கத்தில் கடைசி வரிசைவரை கேட்கும்படி எறிந்து பழகியவர்களே அதைக் காகிதத்தில் பிரித்துக்காட்ட முன்வந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

அவர்கள் காலத்திலேயே ஆங்கிலத்துக்குள் ஒரு புதிய சொற்கூட்டம் நுழையத் தொடங்கிவிட்டது. லின்னேயஸ் 1753இலும் 1758இலும் தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் வகுத்த இரட்டைப் பெயர்கள், 1787இல் பாரிஸில் லவாய்சியரும் அவருடைய சகாக்களும் வகுத்த இரசாயனப் பெயர்கள், 1834இல் மைக்கேல் ஃபாரடே தம் மின் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெல்லிடம் கேட்டு வாங்கிய 'ஆனோட்', 'கேத்தோட்' முதலான பெயர்கள், 1842இல் ரிச்சர்ட் ஓவன் ஆக்கிய 'டைனோசார்' என்னும் இனப்பெயர் ஆகியவை எல்லாம் கிரேக்க, இலத்தீன் வேர்களைக் கொண்டு காகிதத்தில் இணைக்கப்பட்டவை. சாதாரணச் சொல் வாயில் பிறந்து பிறகு ஏட்டில் ஏறுகிறது. சாஸ்திரச் சொல்லோ ஏட்டில் பிறந்து, பிறகு வாயைத் தேடிச் செல்கிறது. அதைப் படைத்தவர் கண்ணுக்கு அதன் மூட்டுகள் தெளிவாகத் தெரியும். வேர் எங்கே முடிகிறது, அடுத்த வேர் எங்கே தொடங்குகிறது என்பதில் அவருக்கு ஐயமில்லை. அதைப் பேச வேண்டியவரின் நாவுக்கு அந்த மூட்டுகள் தெரியா. ஆகவே அசை பிரிக்கும் வழக்கு இங்கேதான் மிகவும் கூர்மையடைந்தது.

கிரேக்கச் சொல்லை ஆங்கிலேயன் எப்படி ஒலிப்பது என்பது அதற்கு முன்பே ஒருமுறை தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். எராஸ்மஸ் 1528இல் எழுதிய நூலைப் பின்பற்றி, ஜான் சீக், தாமஸ் ஸ்மித் என்ற இரு இளம் அறிஞர்கள் கேம்பிரிட்ஜில் பண்டைக் கிரேக்க ஒலிகளை மீட்டு ஓதிக் கற்பித்தார்கள். சர்வகலாசாலையின் வேந்தராயிருந்த ஸ்டீபன் கார்டினர் 1542இல் அதைத் தடைசெய்து கட்டளை பிறப்பித்தார். மீறிய மூத்தவர்களுக்கு விலக்கும், மாணாக்கர்களுக்குப் பிரம்படியும் விதிக்கப்பட்டன. அந்தத் தடை நிலைக்கவில்லை. ஆயினும் ஆங்கில உயிரொலிகளே பின்னர் அடியோடு மாறிப்போனதால், பள்ளியில் ஓதப்பட்ட கிரேக்கமும் இலத்தீனும் அவற்றோடு சேர்ந்து மாறி, ஆங்கிலேயருக்கே உரிய ஒரு தனி ஒலி பெற்றன. சாஸ்திரச் சொற்கள் வந்து இறங்கியது இந்தத் துறையில்தான்.

இவற்றுள் மிகப் பெரிய சிக்கலை விளைத்தது கிரேக்கச் சொற்களின் முதலில் நிற்கும் 'பி' என்னும் எழுத்து. கிரேக்கர் அதை அடுத்த மெய்யோடு சேர்த்து ஒலித்தனர். பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் இன்றும் ஒலிக்கின்றனர். ஆங்கிலேயர் நாவோ அத்தகைய மெய்க்கூட்டத்தால் அசையைத் தொடங்க மறுத்துவிடுகிறது. ஆதலால் நிமோனியா, சைக்காலஜி, டெரோடாக்டில் ஆகிய சொற்களில் முதலெழுத்து கண்ணுக்கு மட்டும் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே இதைக் கண்டு வருந்தி, சங்கீதம் என்னும் பொருளுடைய 'ஸாம்' முதலிய பழகிய சொற்களை விட்டுவிட்டு, மற்ற சாஸ்திரச் சொற்களிலேனும் அந்த ஒலியை மீட்பதே கற்றோர்க்கு அழகு என்ற கருத்தைத் தம் அகராதியிலேயே பதிவு செய்தார். உலகம் அவரைப் பின்பற்றவில்லை. ஆனால் விந்தையொன்று இங்கே உண்டு. டெரோடாக்டிலில் ஊமையாய் நிற்கும் அதே சிறகு என்னும் பொருளுடைய வேர், 1861இல் ஜெர்மனியில் கண்டெடுக்கப்பட்ட புதைபடிவப் பறவைக்கு ஹெர்மன் ஃபான் மேயர் இட்ட 'ஆர்க்கியாப்டெரிக்ஸ்' என்னும் பெயரிலும், அதே ஆண்டில் பிரெஞ்சுக்காரரான பாண்டான் டமேகூர் ஆக்கிய 'ஹெலிகாப்டர்' என்னும் பெயரிலும் முழுவதும் ஒலிக்கிறது. காரணம் அசையே. ஹெலிகாப்டரில் திருகு என்னும் பொருளுடைய 'ஹெலிகோ' என்பது ஒரு வேர், சிறகைக் குறிக்கும் 'ப்டர்' மற்றொரு வேர். நாவோ அந்த எல்லையை மதிக்காமல், 'பி'யை முன்னே இழுத்து 'காப்' என்று ஓர் அசையை மூடி, 'டர்' என்று அடுத்ததைத் தொடங்கிவிடுகிறது. அசையைத் தொடங்க இயலாத மெய், அசையை முடிக்க வல்லதாயிருக்கிறது. பேரறிஞர் மர்ரேயின் வேண்டுகோளால் உயிர்பெறாத ஒலி, முன்னே ஓர் உயிர் வந்து நின்ற மாத்திரத்தில் தானே உயிர்பெற்றுவிட்டது.

இரண்டாவது சிக்கல் அழுத்தம். ஜான் ஹெர்ஷல் 1839இல் ராயல் சொஸைட்டியில் படித்த கட்டுரையால் வழக்குக்கு வந்த 'ஃபோட்டோக்ராஃபி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒளி என்பது ஒரு வேர், வரைதல் என்பது ஒரு வேர். நடுவே இரண்டையும் பிணைப்பது 'ஓ' என்னும் ஓர் உயிர். அந்தப் பிணைப்புயிர் தனக்கென்று பொருள் எதுவும் இல்லாதது. ஆனால் ஆங்கிலத்தில், இறுதியிலிருந்து மூன்றாம் அசையில் அழுத்தம் விழுவது இத்தகைய சொற்களுக்கு விதியாதலால், அழுத்தம் அந்தப் பிணைப்புயிரின் மேலேயே போய் விழுகிறது. விழுந்தவுடன் அது அடுத்த வேரின் முதல் மெய்யைத் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. எனவே 'ஃபோட்டோ-க்ராஃபி' என்று கண் பிரிக்க, 'ஃப-டாக்-ர-ஃபி' என்று நா பிரிக்கிறது. படத்தைக் குறிக்கும் சொல்லில் அழுத்தம் முதலசையிலும், கலையைக் குறிக்கும் சொல்லில் இரண்டாம் அசையிலும், அதன் பெயரடையில் மூன்றாம் அசையிலும் விழுவதை ஆங்கிலம் பயின்ற நம்மவர் ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் திகைப்போடு கற்றிருக்கிறோம். வெப்பமானியைக் குறிக்கும் 'தெர்மாமீட்டர்' முதலிய கருவிப் பெயர்களிலும் இவ்வாறே. 1795இல் பிரெஞ்சுச் சட்டத்தால் பிறந்த அளவைப் பெயரான 'கிலோமீட்டர்' இவ்விரு கூட்டங்களுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு, அளவைகளோடு சேர்ந்து முதலசையில் அழுத்தம் பெறுவதா, கருவிகளோடு சேர்ந்து இரண்டாம் அசையில் பெறுவதா என்று இன்றளவும் இருவிதமாகச் சொல்லப்படுகிறது. அசைகளின் எண்ணிக்கையே மாறிய சொல்லும் உண்டு: ஹம்ஃப்ரி டேவி 1812இல் 'அலுமினம்' என்று நாலசையில் எழுதிய உலோகத்தை, மற்றத் தனிமங்களின் பெயர்களோடு ஓசை ஒத்துவரவேண்டும் என்று அதே ஆண்டில் விமர்சகர் ஒருவர் 'அலுமினியம்' என ஐந்தசையாக்க, வெப்ஸ்டரின் 1828ஆம் ஆண்டு அகராதி நாலசையையே ஏற்று, அதனால் இரு நாடுகளும் இரு வழி சென்றன.

அச்சுக்கூடத்துக்கு வருவோம். எழுத்துக் கோப்பவர், கையிலுள்ள ஸ்டிக்கில் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாக அடுக்கி வரும்போது, வரியின் முடிவில் இடம் போதாமல் நெடுஞ்சொல்லொன்று குறுக்கிட்டால், சொல்லை அடுத்த வரிக்குத் தள்ளி இடைவெளிகளை அகலமாக்கிப் பக்கத்தைக் கிழிசலாக்குவதா, அல்லது சொல்லை முறித்து ஹைபன் என்னும் சிறு கோட்டை இடுவதா என்பதைக் கணத்தில் முடிவு செய்யவேண்டும். தமிழ் அச்சில் எந்த எழுத்தின் பின்னும் வரியை முறித்து, குறி எதுவும் இடாமலே அடுத்த வரியில் தொடரும் வழக்கம் இருந்ததால், நம் அச்சுக்கூடங்கள் இந்தத் தொல்லையை அதிகம் அறியவில்லை. ஆங்கில அச்சிலோ இது தொழிலின் நுட்பங்களுள் ஒன்றாயிருந்தது. ஆக்ஸ்ஃபோர்ட் சர்வகலாசாலை அச்சகத்தின் தலைவராயிருந்த ஹொரேஸ் ஹார்ட் 1893இல் தம் தொழிலாளருக்காகத் தொகுத்து, 1904இல் பொதுமக்களுக்கும் வெளியிட்ட விதிநூல் ஆங்கில நாட்டு வழக்கத்துக்கு ஆதாரமாயிற்று. 1906இல் சிக்காகோ சர்வகலாசாலை அச்சகம் வெளியிட்ட விதிநூல் அமெரிக்க வழக்கத்துக்கு ஆதாரமாயிற்று. சிக்காகோ நூல் ஒளிவுமறைவின்றி இரண்டு மரபுகளையும் எதிரெதிரே நிறுத்திற்று: உச்சரிப்பின்படி பிரிப்பது அமெரிக்க முறை, வேரின்படி பிரிப்பது ஆங்கில முறை. 'டெமோ-க்ரஸி' அன்று, 'டெமாக்-ரஸி'. 'நோ-லெட்ஜ்' அன்று, 'நால்-எட்ஜ்' என்று அது கற்பித்தது. ஒரே சாஸ்திர நூல் லண்டனில் அச்சாகும்போது ஓரிடத்திலும், நியூயார்க்கில் அச்சாகும்போது வேறோரிடத்திலும் சொற்கள் முறிந்தன.

அரிச்சுவடியில் வெப்ஸ்டரை ஆதரித்த நான், சாஸ்திர நூலின் வரியிறுதியில் ஆங்கில முறைக்கும் ஒரு நியாயம் உண்டு என்று கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். அங்கே படிப்பவர் குழந்தையல்லர், வாய்விட்டுப் படிப்பவருமல்லர். வரியின் முடிவில் 'ஃபோட்டோ' என்பதைக் கண்டவுடன் அவர் மனம் அடுத்து வரப்போவதை முன்கூட்டியே ஊகித்துக்கொள்கிறது. 'ஃபடாக்' என்பதிலிருந்து எதையும் ஊகிக்க இயலாது.

ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றுள்ள மிக நீண்ட சொல் பிறந்தது 1935ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். நியூயார்க் நகரில் கூடிய தேசியப் புதிர்க்காரர் சங்கத்தின் கூட்டத்தில் அதன் தலைவர் எவரெட் ஸ்மித் அதை வெளியிட, நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் பத்திரிகை அச்சேற்றியது. நாற்பத்தைந்து எழுத்துக்களும் பத்தொன்பது அசைகளும் கொண்டது அது: நியூ-மோ-னோ-அல்-ட்ரா-மை-க்ரோ-ஸ்காப்-இக்-ஸில்-இ-கோ-வால்-கே-னோ-கோ-னி-ஓ-ஸிஸ். மிக நுண்ணிய சிலிக்கா துகளைச் சுவாசிப்பதால் உண்டாகும் நுரையீரல் நோய் என்பது அதன் பொருள். பத்தொன்பது அசைகள் என்றால் நா சோர்ந்துபோகும் என்று தோன்றலாம். உண்மையில் அது ஒரே சொல்லாக உச்சரிக்கப்படுவதில்லை. நியூமோனோ, அல்ட்ரா, மைக்ரஸ்காபிக், ஸிலிக்கோ, வால்கேனோ, கோனியோஸிஸ் என்று ஆறு சிறு சொற்களாகவே வாய் அதைக் கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அழுத்தம் உண்டு. அவற்றுள் தலைமையான அழுத்தம் இறுதிக்கு முந்தைய 'ஓ'வின்மேல் விழுகிறது. வேரின் வழியும் நாவின் வழியும் பெரும்பாலும் ஒன்றுபட்டுச் செல்லும் நெடுஞ்சொல் இது. நுண்ணோக்கியின் பெயரில் முதலசையிலிருந்த அழுத்தம் 'ஸ்காப்' என்னும் அசைக்கு இடம் பெயர்ந்து, தன்னை அடுத்த மெய்யைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் ஓரிடத்தில்தான் சிறிது பிணக்கு. எழுத்துக்களின் நீளமன்று, அழுத்தத்தின் இடமே உச்சரிப்பைக் கடினமாக்குவது என்பதற்கு ஃபோட்டோக்ராஃபியையும் இதனையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே போதும்.

அந்தச் சொல் நீளத்துக்காகவே செய்யப்பட்டது. மருத்துவர் எவரும் அதை நோயாளியின் குறிப்பில் எழுதவேண்டிய அவசியம் இருந்ததில்லை. தூசியால் வரும் நுரையீரல் நோய்களுக்கு ஜெர்மானிய மருத்துவர் ஸெங்கர் 1867இலேயே பெயர் வகுத்துவிட்டார். சிலிக்காவால் வருவதற்கு இத்தாலியரான விஸ்கோண்டி 1870இல் 'ஸிலிக்கோஸிஸ்' என்னும் நாலசைப் பெயரைத் தந்தார். ஆனால் புதிர்க்காரர்கள் அந்தப் பெயரை நீட்டிக்கொண்டிருந்த காலத்தில் அந்த நோய் புதிராக இருக்கவில்லை. மேற்கு வர்ஜீனியாவில் காலி மலையைக் குடைந்து, நியூ நதியின் நீரை மின்சக்திக்காகத் திருப்பும் பொருட்டு 1930இல் ஏறக்குறைய மூன்று மைல் நீளச் சுரங்கப்பாதை ஒன்று தொடங்கப்பட்டது. பாறையில் சிலிக்கா மிகுந்திருந்தது. நீர் தெளிக்காமல் உலர்ந்த நிலையிலேயே துளையிட்டார்கள். தொழிலாளருக்கு முகமூடி இல்லை. அவர்களில் பெரும்பாலோர் தென் மாகாணங்களிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பின மக்கள். மூச்சுத் திணறி வந்தவர்களுக்கு 'டனலைட்டிஸ்' என்று ஒரு பெயரைச் சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பியதாகச் சாட்சியங்கள் கூறுகின்றன. 1936இல் அமெரிக்கக் காங்கிரஸ் இதனை விசாரித்தது; பல்லாண்டு கழித்து, 1986இல், மார்ட்டின் செர்னியாக் என்னும் மருத்துவர் இறந்தோர் தொகையை 764 என மதிப்பிட்டார். நம் மக்களும் இந்த நோயை அறியாதவர்களல்லர். தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாய் உழைத்த கோலார் தங்கச் சுரங்கங்களில் 1940க்கும் 1946க்கும் இடையே ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோரிடம் அது காணப்பட்டது. நாற்பத்தைந்து எழுத்துச் சொல்லை ஒப்புவிக்கும் பள்ளிப் பிள்ளைக்கு அதன் அசைகளோடு இந்த இரு இடங்களின் பெயர்களையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அகராதிகளில் சொற்களுக்கு நடுவே இடப்படும் புள்ளிகளைக் கண்டு, அவையே உச்சரிப்பின் அசைகள் என்று பலர் கருதுகின்றனர். வெப்ஸ்டருக்குப் பின் அவர் அகராதியின் உரிமையைப் பெற்ற மெரியம் நிறுவனத்தின் அகராதிகளில் அந்தப் புள்ளிகள், வரியின் முடிவில் சொல்லை எங்கே முறிக்கலாம் என்று அச்சுத் தொழிலாளருக்குக் காட்டும் குறிகள். திறந்த என்னும் பொருளுடைய 'ஓபன்' என்னும் சொல்லுக்கு ஈரசை உண்டு என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆயினும் ஓரெழுத்தை மட்டும் வரியிறுதியில் தனித்து விடுதல் அச்சு மரபன்று ஆதலால் அதற்கு அங்கே புள்ளி இல்லை. உச்சரிப்பு அசைகளின் எல்லை பற்றியோ மொழியியலாரே இன்னும் உடன்படவில்லை. 'ஹேபிட்' என்னும் சொல்லின் நடு மெய்யை டில்வொர்த் இரண்டாம் அசைக்குத் தந்தார். வெப்ஸ்டர் முதலசைக்குத் தந்தார். 1976இல் டேனியல் கான் என்னும் ஆராய்ச்சியாளர், அத்தகைய மெய் இரண்டு அசைகளுக்கும் ஒருங்கே உரியது என்று தம் ஆய்வேட்டில் வாதித்தார். 1990இல் லண்டன் பேராசிரியர் ஜான் வெல்ஸ், அழுத்தம் பெற்ற அசையே மெய்யைத் தன்பால் கொள்ளும் என்ற கொள்கையின்படி தம் உச்சரிப்பு அகராதி முழுவதையும் அமைத்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அந்த மெய் மறுபடி வெப்ஸ்டரின் பக்கம் வந்து நின்றது.

இதற்கிடையில் எழுத்துக் கோக்கும் வேலை மனிதர் கையிலிருந்து கணிப்பொறிக்குச் சென்றது. அகராதி முழுவதையும் பொறியின் நினைவில் ஏற்றுதல் அக்காலத்தில் எளிதன்று. ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலையில் டானல்ட் நூத், 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு முறையை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய மாணவர் ஃபிராங்க் லியாங் இதற்கு ஓர் அரிய வழி கண்டு 1983இல் ஆய்வேடாக அளித்தார். இலக்கண விதி எதையும் அவர் பொறிக்குக் கற்பிக்கவில்லை. அகராதியில் பிரித்துக் காட்டப்பட்ட சொற்களையே பொறிக்குக் கொடுத்து, எந்தெந்த எழுத்துத் தொடர்களின் நடுவே பிளவு நேர்கிறது, எவற்றின் நடுவே நேர்வதில்லை என்பதை அதுவே திரட்டும்படி செய்தார். அவ்வாறு கிடைத்த 4447 சிறு வார்ப்புகளில் எழுத்துக்களுக்கிடையே எண்கள் நிற்கும். ஒற்றைப்படை எண் பிளவை அனுமதிக்கும், இரட்டைப்படை எண் தடுக்கும், இரண்டு மோதினால் பெரிய எண் வெல்லும். இந்தச் சிறு ஏற்பாடே அகராதியிலுள்ள பிளவுகளில் நூற்றுக்கு எண்பத்தொன்பதைக் கண்டுபிடித்துவிட்டது. பொறி விட்டுவிட்ட பிளவால் தீங்கில்லை. தவறான பிளவுதான் தீங்கு. அது மிகமிக அரிதாயிற்று.

மிஞ்சிய பிழைகளைத் திருத்த, பதினான்கு சொற்களைக் கொண்ட ஒரு விதிவிலக்குப் பட்டியலை நூத் அந்த முறையோடு சேர்த்தார். அவற்றுள் பத்துச் சொற்களுக்குச் சரியான பிளவு காட்டப்பட்டிருக்கிறது. 'பிரஸெண்ட்', 'பிராஜெக்ட்' என்னும் இரண்டு சொற்களும், அவற்றோடு 'எஸ்' சேர்ந்த வடிவங்கள் இரண்டும் எங்கும் பிளக்கப்படாமல் முழுமையாகவே விடப்பட்டிருக்கின்றன. அவை பெயர்ச்சொல்லாக நின்றால் முதலசை அழுத்தம் பெற்று அதை அடுத்த மெய்யைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். வினைச்சொல்லாக நின்றால் அழுத்தம் இரண்டாம் அசைக்குச் சென்று மெய்யும் அதனோடு சென்றுவிடும். வாக்கியத்தின் பொருளை அறிந்தவரே எது என்று சொல்லமுடியும் ஆதலால், அந்த நான்கையும் முறிக்கும் அதிகாரம் பொறிக்குத் தரப்படவில்லை.